பிஸ்டனில் வைத்த சந்தனப் பொட்டு

பேண்டு வாசிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தீர்கள். பித்தளை வாத்தியத்தை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டீர்கள். ஒருவர் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றியே வைத்துக்கொண்டார். நான் காப்பி கொடுத்து அனுப்பினேனே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது திருப்பதியில் ஒரு விடியற்காலை நினைவுக்கு வந்துவிட்டது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

சாமானை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணி. குழாய்க்குள் வளைந்து போகிற நீளக் கம்பி பிரஷ். உதட்டில் வைக்கிற மவுத்பீசுக்கு ஒரு குட்டி பிரஷ். விரலால் அழுத்துகிற பிஸ்டன்களுக்கு மெல்லிய எண்ணெய், இழுத்துச் சுருதி சேர்க்கிற குழாய்களுக்குக் கொஞ்சம் கிரீஸ். வெதுவெதுப்பான தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி, அதன் அடியில் விரிக்க ஒரு துண்டு. மவுத்பீஸ் இறுகிவிட்டால் இழுத்து எடுக்க ஒரு சின்னக் கருவி இப்போது கிடைக்கிறது, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் பிளேயரை மட்டும் வாத்தியம் இருக்கும் அறைக்குள்ளேயே விடாதீர்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கிவிடும்.

நோட்டுக்காரத் தம்பி இத்தோடு மூடி வைத்துவிடலாம். மிச்சம் கேட்க நேரமிருக்கிறவர்களுக்கு.

நான் நகரிக்காரன். வீட்டில் இரண்டு தறி. நைனா தறிக்குழியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கு நூலைவிடக் காற்றுதான் பிடித்தது. திருவிழாவுக்கு வந்த பேண்டு ஒன்றின் பின்னாலேயே போனவன், கொஞ்ச நாளில் சித்தூர் பேண்டு ஒன்றில் இரண்டாவது கார்னெட் வாசிக்கிறவனாக ஆகிவிட்டேன். மாங்காய் மண்டி ஒன்றின் பின்புறத்தில் ஓட்டுக் கொட்டகை. அங்கேதான் வாசித்துப் பழகுவோம், அங்கேதான் தூக்கம். மாங்காய்க் காலத்தில் பாயெல்லாம் மணக்கும். பகல் தூக்கத்தில் யாரோ கார்னெட் ஊதுவது போலக் கேட்கும். கண்ணை விழித்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இந்த வயதிலும் அது எனக்கு நிற்கவில்லை.

மாஸ்டரைச் சேர்த்துப் பதினோரு பேர். ஆறு பேர் தமிழ், ஐந்து பேர் தெலுங்கு. ரொம்ப நாள் வரை இதை யாரும் எண்ணியதில்லை. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு கிளம்பிய பிறகுதான் எண்ணினோம். எண்ணிய பிறகு எதையும் பழையபடி பார்க்க முடியவில்லை. யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கண் தானாகப் பார்க்கும்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் நரசிம்முலு. சந்திரகிரிக்காரன். என் வயதுதான். என்னைப் போலவே இரண்டாவது கார்னெட். ராத்திரி மவுத்பீசை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு தூங்குவான். காலையில் எடுக்கும்போது அது உடம்புச் சூட்டில் இருக்கும். நாங்களெல்லாம் சில்லென்ற பித்தளையில் உதட்டை வைத்து முகத்தைச் சுளிக்கும்போது அவன் மட்டும் சிரித்துக்கொண்டே ஊத ஆரம்பிப்பான்.

சேர்ந்த புதிதில் என் மவுத்பீஸ் குழாயில் இறுகிவிட்டது. நான் எங்கிருந்தோ ஒரு கட்டிங் பிளேயர் கொண்டுவந்து பிடித்துவிட்டேன். திருகியிருந்தால் குழாய் முறுக்கிக்கொண்டு போயிருக்கும். நரசிம்முலு நிற்கச் சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"ஆகு, ஆகு! இன்னாப்பா, பல்லு புடுங்க வந்தவன் மாதிரி நிக்கறே? தொடலாமா உன்னுத?"

தொடு என்றேன். அவன் சுடுதண்ணீரில் துணியை நனைத்து வெளிக்குழாயில் சுற்றினான். குழாய் சூடேறியதும் ஒரு மரக்கரண்டியால் சுற்றிலும் மெல்லத் தட்டினான். "புத்தூர்ல ஒடிஞ்ச கையி கட்டறவங்க எப்பிடித் தொடறாங்க, பாத்திருக்கியா? வலி எங்க இருக்குதுன்னு கேட்டுக்கினே தொடுவாங்க" என்றான். நாலாவது தட்டில் மவுத்பீஸ் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"தொடலாமா" என்று அவன் கேட்டதைக் கவனித்தீர்களா? அது எங்கள் பேண்டின் சட்டம். வாத்தியம் அத்தனையும் மாஸ்டருடையதுதான். ஆனால் யாருக்குக் கொடுத்திருக்கிறாரோ அவனைக் கேட்காமல் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. பெட்டியைத் தூக்கலாம், திறக்கக்கூடாது. மீறினவனுக்குப் பேண்டில் இடமில்லை. மாஸ்டர் மற்ற எதிலும் கண்டிப்பானவர் இல்லை. இதில் மட்டும் எமன்.

அந்த மழைக்காலத்தில் மாஸ்டருக்கு முன்பல் இரண்டு விழுந்தது. கார்னெட் ஊதுகிறவனுக்கு முன்பல் போனால் எல்லாம் போன மாதிரி. முன்னணிக் கார்னெட்டை இனி யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. நானும் நரசிம்முலுவும்தான் ஆள். இருவரையும் பதினைந்து நாள் மாற்றி மாற்றி வாசிக்கவிட்டுக் கேட்டார். கடைசியில் எனக்குக் கொடுத்தார். அதே நேரத்தில் யூஃபோனியம் வாசித்தவர் ஊரோடு போய்விட்டதால், அந்தப் பெரிய குழாயை நரசிம்முலுவின் மடியில் வைத்தார். கார்னெட்டில் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவன் இனிமேல் அடியில் இருந்து முனக வேண்டும்.

அவன் "நல்லா வாயி" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். நன்றாக வாசி என்று அர்த்தம். அவன் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் என் மனசில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிற்பாடு நான் அவன்மேல் ஏற்றிப் பேசியது அதைத்தான்.

ஆயுத பூஜை வந்தது. தறிக்காரன் தறிக்குப் பொட்டு வைப்பான், லாரிக்காரன் சக்கரத்துக்கு வைப்பான், நாங்கள் வாத்தியத்துக்கு வைப்போம். புளி போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, புதுத் துணியில் அடுக்கிவிட்டால் ஓட்டுக் கொட்டகையே தங்கமாக மினுக்கும். குழாயின் வெளியே சந்தனம், அதன்மேல் குங்குமம். அன்று முழுக்க யாரும் ஊதக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில்தான் ஒரே ஒரு பாட்டு.

அந்த வருஷம் எனக்கு வெளியே வைத்த பொட்டுப் போதவில்லை. முன்னணிக் கார்னெட்டாக எனக்கு முதல் கல்யாணம் நாலாம் நாள் திருப்பதியில். பெரிய இடம். மாப்பிள்ளை அழைப்பில் தனியாக நான் வாசிக்க வேண்டிய பகுதி ஒன்று இருந்தது. நான் மூடிகளைத் திருகி மூன்று பிஸ்டன்களையும் வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றின் உடம்பிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது எதிரில் நரசிம்முலு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தை உயர்த்தினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிஸ்டன்களை உள்ளே இறக்கினேன்.

பிஸ்டனுக்கும் அது ஓடுகிற கூட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை கூட இடம் கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மறுநாள் காலையில் பாட்டு முடிந்ததும் கழுவிவிடலாம் என்று நினைத்திருந்தேன். காலையில் சந்தனம் ஈரமாகவே இருந்ததால் விரல் ஓடியது. பாட்டு முடிவதற்குள் நகரியில் இருந்து ஆள் வந்துவிட்டான், நைனாவுக்கு ஜுரம், கண் திறக்கவில்லை என்று. கழுவ நேரமில்லை, எண்ணெயாவது விடுவோம் என்று விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டேன். பெட்டியை நரசிம்முலு கையில் கொடுத்து, கல்யாணத்துக்கு நேராகத் திருப்பதிக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நைனாவின் தலைமாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததில் சந்தனம் என் நினைவில் இருந்து சுத்தமாகப் போய்விட்டது. மூன்றாம் நாள் அவர் கண் திறந்து கஞ்சி கேட்டார். அன்றைக்கே கிளம்பினேன். ரயில் ரேணிகுண்டாவில் வெகுநேரம் நின்றுவிட்டது. திருப்பதியில் இறங்கும்போது விடியத் தொடங்கிவிட்டது. ஊர் முழுவதும் பனி. மலையின் அடிப்பாகம் மறைந்து மேல்பாகம் மட்டும் தெரிந்தது. தெருவில் என் காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பாதி விழிப்பும் பாதித் தூக்கமுமாகத்தான் நடந்தேன்.

சத்திரத்தெரு மூலையில் எங்கள் ஆட்கள் சிவப்புக் கோட்டுப் போட்டு அணிவகுத்து நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் வந்துவிட்டது. நரசிம்முலு பெட்டியை என்னிடம் நீட்டி, "நைனா எப்பிடி இருக்காரு? கெளம்பறதுக்கு முந்தி உள்ள தண்ணி காட்டினியா?" என்று கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று நினைத்தேன். "உன் வேலயப் பாருடா" என்று சொல்லி, பெட்டியைப் பிடுங்கி, கார்னெட்டை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனேன்.

மாஸ்டர் கையை உயர்த்தினார். நான் மூச்சை இழுத்து முதல் சுரத்தை ஊதினேன். அது நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது சுரத்துக்காக முதல் பிஸ்டனை அழுத்தினேன். இறங்கியது. விரலை எடுத்தேன். ஏறவில்லை. அடுத்ததை அழுத்தினேன். அதுவும் போய் உட்கார்ந்துகொண்டது. கார்னெட்டில் இருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்து நின்றது. டிரம்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். கல்யாண வீட்டார் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பூக்கடைக்காரர், பால்காரர், சத்திரத்து வாசலில் நின்ற கூலிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

தம்பிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அந்த நிமிஷத்தில் மூளை ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும், அடுத்தவனைத் தேடும். மூன்று பிஸ்டனுக்கும் என் கையால் நானே பொட்டு வைத்தது எனக்கு நினைவு வரவில்லை. மூன்று நாள் பெட்டி யாரிடம் இருந்தது என்பதுதான் வந்தது. முன்னணி யாருக்குக் கிடைக்கவில்லை என்பது வந்தது. அவன் எந்த பாஷைக்காரன் என்பதும் வந்தது.

நான் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "இன்னாடா போட்ட உள்ள? எனக்கு லீடு குடுத்தாங்கன்னு வயிறெரிஞ்சிக்கினு இருந்தியா? உன் தெலுங்கு புத்தியக் காட்டிட்டியே!"

எழுதும்போதே கை கூசுகிறது. இருக்கட்டும், எழுதுவதுதான் முறை.

அது அந்த நாளில் சும்மா போகிற சொல் இல்லை. கூலிக்காரர்களில் இரண்டு பேர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா போலிருந்த ஒருவர், "ஏமிட்டி கொடவ?" என்று கேட்டுக்கொண்டு காரில் இருந்து இறங்கினார். இங்கே என்ன சண்டை என்று கேட்கிறார். இன்னும் ஒரு சொல் விழுந்திருந்தால் கல்யாணம் கலைந்திருக்கும், என் எலும்பும் உடைந்திருக்கும்.

நரசிம்முலு என்னைப் பார்க்கவே இல்லை. யூஃபோனியத்தை மார்போடு அணைத்துத் தூக்கி, என் பகுதியை வாசிக்க ஆரம்பித்தான். கார்னெட்டில் உச்சியில் ஒலிக்க வேண்டிய அந்தப் பாட்டு, கீழே, நிதானமாக, தொண்டை நிறைந்து வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய மனுஷன் பாடிக்கொண்டு வருகிறார் போல இருந்தது. கிளாரினெட்காரர் புரிந்துகொண்டு மேலே சேர்ந்தார். டிரம் சேர்ந்தது. துண்டு கட்டியவர்கள் நின்றுவிட்டார்கள். காரில் இருந்து இறங்கியவர் தலையாட்டிக்கொண்டு நடந்தார். கல்யாண வீட்டார் அது அப்படித்தான் ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள். அதைவிட அழகான வாசிப்பை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாஸ்டர் கண்ணாலேயே என்னைப் போகச் சொன்னார். நான் சத்திரத்துக் கொல்லைக்குப் போனேன். சமையல்காரர் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு சொம்பு கேட்டேன்.

"கல்யாணத்துல வந்து கொழா கழுவறியா?" என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்.

அங்கே கிடந்த அகலமான சட்டி ஒன்றில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து ஆறவைத்து, கார்னெட்டை அதில் கிடத்தினேன். அடிமூடியைத் திருகி, கட்டைவிரலில் துணி சுற்றிக் கீழிருந்து மெல்லத் தள்ளினேன். முதல் பிஸ்டன் வெளியே வந்தது. தண்ணீரில் மஞ்சளாக ஒரு மேகம் பரவியது. அதன் நடுவே சிவப்பாக ஒரு இழை. சந்தன வாசனை எழுந்து முகத்தில் அடித்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தது. தெருவில் இன்னும் யூஃபோனியம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கனவில் தப்புச் செய்தால் விழித்துக்கொள்ளலாம். நான் விழிக்க முயற்சி செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர்.

"இன்னாடா இருந்துச்சு உள்ள?"

நேரான கேள்வி. நான் சட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தேன். மஞ்சள் மண்ணில் ஊறிப் போயிற்று.

"ஏதோ பிசுக்கு, மாஸ்டர்" என்றேன்.

பொய் இல்லை அல்லவா? பிசுக்குத்தான். இந்த மாதிரிப் பதில்கள்தான் தம்பிகளே, உலகத்திலேயே மோசமானவை. மாஸ்டர் "தொறந்திருக்கான் அப்போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

முகூர்த்தம் முடிந்ததும் அவர் நரசிம்முலுவைக் கூப்பிட்டு, சாயங்கால ஊர்வலத்துக்கு நீ வேண்டாம், இனி எதற்கும் வேண்டாம் என்று சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவன் பாயில் உட்கார்ந்து யூஃபோனியத்துக்குள் மூச்சில் சேர்ந்த தண்ணீரை வடித்தான். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான். மவுத்பீசைக் கழற்றிப் பிரஷ் விட்டான். தன் தோள் துண்டாலேயே வெளியே முழுக்கத் துடைத்துப் பளபளப்பாக்கி, உறை போட்டு, சுவரோரம் சாயாமல் நிற்கும்படி வைத்தான். இனி அவனுடையது இல்லாத வாத்தியம் அது. பிறகு சிவப்புக் கோட்டைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனான்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போதும் நான் உடனே வாய் திறக்கவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. கையைச் சோற்றில் வைத்தேன். என் விரலில் இன்னும் சந்தனம் மணத்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"மாஸ்டர், அவன் தொறக்கல. நான்தான் பூஜையன்னிக்கு பிஸ்டனுக்குப் பொட்டு வெச்சேன். கழுவ மறந்துட்டேன். மேல நல்லெண்ணெய வேற ஊத்தினேன்."

எங்கள் ஆட்கள் எல்லாருடைய கையும் இலையில் நின்றது. மாஸ்டர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பல்லில்லாததால் அதற்கு நேரமாயிற்று. "போய்க் கூட்டிக்கினு வா. அப்புறம் துன்னலாம்" என்றார்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். சந்திரகிரி பஸ்சுக்குக் காத்துக்கொண்டு ஒரு மூட்டையின்மேல் நரசிம்முலு உட்கார்ந்திருந்தான். நான் போய் முன்னால் நின்றேன். மூச்சு வாங்கியது.

"பொட்டுதான்" என்றேன். "நான் வெச்ச பொட்டு."

"தெரியும்பா. பூஜையன்னிக்கே பாத்தேனே. காலையில கேட்டனே, தண்ணி காட்டினியான்னு."

"நீயே தொறந்து கழுவியிருக்கக் கூடாதா? மூணு நாள் உன்கிட்டதானே இருந்துச்சு?"

"உன்னுதுப்பா அது. கேக்காம எப்பிடித் தொடறது?"

"மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் முன்னால, பந்தியில சொல்லிட்டேன். வா, போலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. "நீ கத்தினது எங்க?"

"தெருவுல."

"சொன்னது?"

"பந்தியில."

"தெருவுல கேட்டவங்க யாரும் பந்தியில துன்னுக்கினு இல்லயே." அவன் சத்திரத்தெருப் பக்கம் கையைக் காட்டினான். "அந்த மூலையில வெத்தலபாக்குக் கடை இருக்குதே, பாத்தியா? எங்க மாமா கடைப்பா அது. என் மருமவன் பேண்டுல வாயிக்கிறான், வந்து பாருங்கன்னு பொழுது விடியறதுக்கு முந்தி பக்கத்துக் கடைக்காரங்களையெல்லாம் கூட்டிக்கினு வந்து நிக்கவெச்சிருந்தாரு. அவருக்கு யாரு போய்ச் சொல்றது?"

நீங்கள் எத்தனையோ கோபத்தில் எத்தனையோ சொல்வீர்கள். ஒன்றை மட்டும் இந்தக் கிழவன் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் காதில் விழுந்ததோ அத்தனை பேர் காதிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தால்தான் அது மன்னிப்பு. மற்றதெல்லாம் நம் மனசு லேசாவதற்காக நாம் செய்துகொள்வது.

"நான் சொல்றேன்" என்றேன். "அதே மூலையில நின்னு சொல்றேன்."

"தெலுங்குல சொல்லணும். எங்க மாமாவுக்குத் தமிழ் அவ்வளவா வராது."

"சொல்றேன்."

பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. பனி போய், மலை முழுசாகத் தெரிந்தது. அந்த மூலை வந்ததும் மாஸ்டர் கையைத் தூக்கி வாத்தியங்களை நிறுத்தினார். அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் வரிசையை விட்டு வெளியே வந்து வெற்றிலைபாக்குக் கடை முன்னால் நின்றேன். கடைக்குள் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். காலையில் துண்டு கட்டிய இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

எனக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. "தப்பு நாதி. நரசிம்முலு தப்பு லேது" என்று ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை என்று. பிஸ்டனுக்குப் பொட்டு வைத்ததை, கழுவ மறந்ததை, தெரியாமல் கத்தியதை, பாதி வார்த்தையிலும் பாதிக் கையிலும் சொன்னேன். அவர்கள் பாஷையைப் பழித்ததற்கு மன்னிக்கச் சொல்லித் தெருவைப் பார்த்துக் கும்பிட்டேன். நடுவில் ஒரு பொம்பளை சிரித்தாள். துண்டுக்காரர்களில் ஒருவரும் சிரித்துவிட்டார். மீசைக்காரர் சிரிக்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, மருமகன் கையில் ஒரு வெற்றிலையை மடித்துக் கொடுத்தார். என் பக்கம் திரும்பாமலே கடைக்குள் போய்விட்டார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "லீடு அவன் வாயிக்கட்டும். நீ பெரிசத் தூக்கு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான் கார்னெட்டை நரசிம்முலுவிடம் நீட்டினேன். மத்தியானமே கழுவி, துணி விட்டுத் துடைத்து, தையல்காரரிடம் மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கிவந்து ஒரு சொட்டு விட்டிருந்தேன். அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். "சுத்தமா இருக்குது, நரசிம்முலு. இப்ப நல்லா ஓடுது."

"சரேப்பா" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் கார் பின்னால் காத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கை உயர்ந்து நின்றது. நரசிம்முலு வாசிக்கவில்லை. மூடியைத் திருகி முதல் பிஸ்டனை வெளியே எடுத்தான். மாமாவின் கடை விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலால் தடவி முகர்ந்தான். உள்ளே இறக்கினான். பிறகு இரண்டாவது. நான் யூஃபோனியத்தை அணைத்தபடி ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவதையும் எடுத்துப் பார்த்து முடித்த பிறகுதான் கார்னெட்டை உதட்டில் வைத்தான்.